கறுப்பு வெள்ளையில் பன்னிரண்டு வள்ளம்

கணினி அறையைச் சரியாக ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஐந்தே காலுக்குப் படகு. அதை விட்டால் அடுத்த படகு ஏழு மணிக்குத்தான். அதற்குள் வீட்டில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் கணினி மன்றத்தில் யாரும் வீண்பேச்சு பேசுவதில்லை, மிதுலாஜைத் தவிர.

"பாருங்கடா, அமரம் எப்படித் தலையத் தூக்கிட்டு நிக்குதுன்னு! நிஜ வள்ளம் தோத்துப்போகும்!" என்று அவன் திரையைத் தட்டிக் காட்டினான். அன்றைக்கு மட்டும் இது ஏழாவது தடவை.

திரையில் ஒரு சுண்டன் வள்ளம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஒல்லியான நீளப் படகு. அமரம் என்கிற அதன் பின்பக்கம், பாம்பு படமெடுத்ததுபோல் உயர்ந்து நின்றது. உள்ளே இரண்டு வரிசையாக இருபது ஆட்கள் துடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். நிஜ வள்ளத்தில் நூறு பேர் இருப்பார்கள். பள்ளிக்கூடக் கணினி நூறு பேரைத் தாங்காது. இருபது பேருக்கே அதற்கு மூச்சு வாங்கியது.

வள்ளம்களி என்கிற படகுப் பந்தயத்தில் நான்கு கிளப் வள்ளங்கள் மோதுகிற விளையாட்டு அது; மூன்று பேர் சேர்ந்து செய்வது. வள்ளத்தின் வடிவம் மிதுலாஜ் செய்தது. யார் எந்த விசையை அழுத்தினால் எந்த வள்ளம் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று நிரல் எழுதியவள் தேவ்னா. மூன்றாவது ஆள் ஆல்பின்.

வடிவம் மட்டும் இருந்தால் வள்ளம் களிமண் பொம்மை மாதிரிதான் தெரியும். மரத்தின் வரிகள், பித்தளைக் குமிழ்கள், ஆட்களின் கண், மூக்கு, மீசை எல்லாவற்றையும் தட்டையான ஒரே படமாக வரைய வேண்டும். அதை, பரிசுப் பெட்டிக்குக் காகிதம் சுற்றுவதுபோல, வடிவத்தின் மேல் சுற்றி ஒட்ட வேண்டும். அந்தப் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். அதை வரைவதுதான் ஆல்பினின் வேலை.

வரைவதில் அவனை அடித்துக்கொள்ள அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது. அவன் வரைந்த மரத்தில் நிஜக் காக்கா வந்து உட்காரப் பார்க்கும் என்று சொல்வார்கள். வள்ளத்தில் இருந்த இருபது ஆட்களில் ஒருவருடைய மீசைகூட இன்னொருவருடையதைப் போல் இல்லை.

ரெஜிமோள் டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு பசங்களா. ஆனா நாலு வள்ளமும் ஒரே மாதிரியில்ல இருக்கு? அடுத்த சனிக்கிழமை வள்ளம்களி. முந்தின நாள் வெள்ளிக்கிழமை நம்ம ஹால்ல பெரிய திரையில இத ஓடவிடறோம். நாலு கிளப்லேருந்தும் ஆளுங்க விளையாட வர்றாங்க. எது யாரு வள்ளம்னு தெரிய வேணாமா?"

"சட்டைக்கு கிளப் கலர் போட்டுட்டா போதும் டீச்சர்" என்றாள் தேவ்னா.

"அதத்தான் சொல்ல வந்தேன். கிழக்கேபாடம் சிவப்பு, துருத்திக்கரை பச்சை, நெடும்பறம்பு மஞ்சள், வலியதோடு நீலம். ஆல்பின், போட்டுடறியா?"

"சரி டீச்சர்" என்றான் ஆல்பின். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. ஆல்பினுக்குச் சிவப்பும் பச்சையும் வேறு வேறாகத் தெரியாது. இரண்டும் ஏதோ ஒரு மண் நிறம் மாதிரிதான் இருக்கும். ஆறு வயதில் அம்மா அவனைப் பழுத்த சாம்பக்காய் பறித்து வரச் சொன்னார். மரம் முழுக்கச் செக்கச்செவேல் என்று காய்த்துத் தொங்கியது. அவன் கூடை நிறையப் பிஞ்சுகளைக் கொண்டுவந்து வைத்தான். "கவனம் எங்கடா இருக்கு உனக்கு?" என்று திட்டு விழுந்தது. தனக்குக் கவனம் போதாது என்றுதான் ஆல்பினும் நினைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தில் எப்படியோ சமாளித்துவிட்டான். கிரேயான் குச்சிகளில் நிறத்தின் பெயர் அச்சடித்திருக்கும். காகிதம் கிழிந்துபோன குச்சியை அவன் தொடவே மாட்டான். போட்டிக்குப் போனால் பென்சில் ஓவியம் மட்டும்தான். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன் தங்கை ஜியா. மூன்றாம் வகுப்பு. ரகசியத்தைக் காப்பாற்றுவதற்குக் கூலியாக பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியில் அவன் பங்கில் பாதி அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இது மன்றத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? 'கலரே தெரியாதவனுக்கு எதுக்கு டெக்ஸ்சர் வேலை?' என்று பிடுங்கிக்கொள்வார்கள். அந்த மர வரிகளையும் மீசைகளையும் வேறு யாரோ தொடுவார்கள். அதை நினைக்கவே ஆல்பினுக்குப் பிடிக்கவில்லை.

அதனால் வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினான். திரையில் நிறங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வட்டம் இருந்தது. வட்டம் முழுக்க நிறங்கள். ஒன்றின் மேலும் பெயர் எழுதவில்லை. மஞ்சளும் நீலமும் சுலபம். மற்ற இரண்டுக்கும் குத்துமதிப்பாக இரண்டு இடத்தில் வைத்து அழுத்தினான்.

வள்ளம்களிக்கு ஒரு வாரம் முந்தின சனிக்கிழமை மதியம் தேவ்னாவின் சித்தப்பா சஜீவன் வந்தார். அவளை அழைத்துப் போக வந்தவர், கையில் பருப்புவடைப் பொட்டலத்தோடு கணினி அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் துருத்திக்கரை வள்ளத்தில் துடுப்புப் போடுகிறவர். கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும்.

"கொச்சச்சா, வாங்க வாங்க! உங்க வள்ளத்தப் பாருங்க!" என்று தேவ்னா விளையாட்டை ஓடவிட்டாள்.

சஜீவன் குனிந்து பார்த்தார். புருவம் மேலே ஏறியது.

"மோளே, எங்க வள்ளத்துல கிழக்கேபாடத்துக்காரனுங்க உக்காந்து என்ன பண்றானுங்க?"

துருத்திக்கரை என்று பெயர் போட்ட வள்ளத்தில் இருபது பேரும் சிவப்புச் சட்டையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கிழக்கேபாடம். அவர்கள் சட்டை சேற்றில் புரண்டு எழுந்ததுபோல் இருந்தது.

அந்த ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. வள்ளம்களி வாரத்தில் துருத்திக்கரை வீடுகளில் சிவப்புத் துண்டைக்கூடக் கொடியில் காயப்போட மாட்டார்கள். கிழக்கேபாடத்தில் அந்த வாரம் முழுக்கப் பச்சைச் சட்டைக்காரனுக்கு டீ கிடைப்பது கஷ்டம்.

"ஃபைல் பேரு மாறிப்போச்சு" என்று ஆல்பின் அவசரமாகச் சொன்னான். காது சுட்டது.

"ஓவிய ராஜா கண்ண மூடிட்டு வரைஞ்சிருக்காரு!" என்று மிதுலாஜ் சிரித்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடு மோனே" என்றார் சஜீவன். "எங்க ஆளுங்க இதப் பாத்தா கம்ப்யூட்டரத் தூக்கி வாய்க்கால்ல போட்டுடுவானுங்க. அப்புறம் அத நான்தான் முங்கி எடுக்கணும்." வடையை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு தேவ்னாவோடு போய்விட்டார்.

ஆல்பின் டீச்சரிடம் கெஞ்சி மடிக்கணினியை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஜியா பக்கத்தில் உட்கார்ந்து நிறம் சொன்னாள்.

"இதா?"

"இல்ல சேட்டா, அது அழுகின தக்காளி."

"இது?"

"இது பரவால்ல. ஆனா ரோஸ் போட்டா இன்னும் அழகா இருக்கும்."

"துருத்திக்கரைக்காரங்களுக்கு ரோஸா? என்னக் கொன்னுடுவாங்க."

"தலப்பாக்கு மட்டும்?"

"கூடாது!"

இருபது சட்டை, இருபது தலைக்கட்டு, துடுப்புகள், அமரத்தில் பிடிக்கிற பட்டுக்குடை. நான்கு வள்ளத்துக்கும் தனித்தனியாக வரைந்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. ஜியா இரண்டு முறை கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். ஒரு வாரப் பழம்பொரியை மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்லித்தான் அவளைத் திரும்பக் கூட்டிவர முடிந்தது.

திங்கட்கிழமை எல்லா நிறமும் சரியாக இருந்தது. மிதுலாஜ்கூடக் குறை சொல்லவில்லை. அப்பாடா என்று ஆல்பின் நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ரெஜிமோள் டீச்சர் சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

"பசங்களா, விஷயம் பரவிடுச்சு! இன்னும் எட்டு கிளப் கேட்டிருக்காங்க. மொத்தம் பன்னண்டு வள்ளம். முடியும்ல?"

"முடியும் டீச்சர்!" என்றான் மிதுலாஜ். அவனுக்கென்ன, வடிவம் ஒன்றுதான். தேவ்னாவும் தலையாட்டினாள். ஆல்பின் டீச்சர் நீட்டிய பட்டியலைப் பார்த்தான். அதில் கருஞ்சிவப்பு இருந்தது. கிளிப்பச்சை இருந்தது. காவி, மாந்தளிர், பாசிப்பச்சை எல்லாம் இருந்தன. கைவசம் மூன்று நாள்தான். ஜியாவிடம் கொடுக்க இனிமேல் பழம்பொரியும் இல்லை.

அவன் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கணினியில் தேவ்னா, வள்ளங்களின் முன்பக்கத்தில் மாட்டுகிற எண் பலகைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விசையைத் தட்டத் தட்டப் பன்னிரண்டு வரைக்கும் எண்கள் வந்தன.

"அதுக்குள்ள பன்னண்டு பலகை வரைஞ்சிட்டியா?" என்று ஆல்பின் ஆச்சரியமாகக் கேட்டான்.

"நான் எதுக்கு வரையறேன்? பலகை ஒண்ணுதான். வெறும் பலகை. நம்பர் எங்க வரணும்னு ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கேன். எந்த நம்பர்னு ஓடும்போது புரோகிராம் போட்டுக்கும்."

ஆல்பின் எட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்தான். அப்புறம் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டான்.

"சட்டையும் அப்படிச் செய்ய முடியாதா?"

"எப்படி?"

"நான் சட்டைய வெள்ளையா வரைஞ்சுடறேன். மடிப்பு, நிழல் எல்லாத்தோடயும். கூடவே இன்னொரு படம் தரேன், வெறும் கறுப்பு வெள்ளையில. எங்கெங்க கிளப் கலர் வரணுமோ அங்க வெள்ளை. எங்க வரக்கூடாதோ அங்க கறுப்பு. வெள்ளை இருக்கற எடத்துல மட்டும் உன் புரோகிராம் கலரப் போடட்டும். எந்தக் கலர்னு நீ எழுதிடு."

தேவ்னா நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். "அப்போ பன்னண்டு டெக்ஸ்சர் வேணாம். ஒண்ணு போதும். கம்ப்யூட்டருக்கும் சுமை கம்மி..." சட்டென்று மேசையில் ஒரு அடி அடித்தாள். "டேய்! இது முன்னாலயே தோணிருந்தா ஞாயித்துக்கெழமை நீ நிம்மதியா தூங்கிருக்கலாமே!"

அன்றைக்கும் மறுநாளும் ஆல்பின் தலை நிமிரவில்லை. கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெயர் தேட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. உதடு அதுபாட்டுக்கு, துடுப்புப் போடும்போது பாடுகிற வஞ்சிப்பாட்டை முணுமுணுத்தது. இனிமேல் தன் ரகசியம் யாருக்குமே தெரிய வேண்டியதில்லை என்று அவன் நினைத்தான். சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குத் தேவ்னா நிரலை ஓடவிட்டாள். துருத்திக்கரை வள்ளம் திரைக்கு வந்தது.

"நல்லா வந்திருக்கே!" என்றான் ஆல்பின் மலர்ந்த முகத்தோடு.

தேவ்னா திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"டேய், விளையாடறியா?" என்றான் மிதுலாஜ். "எல்லார் மூஞ்சியும் பச்சையா இருக்கு! கழுத்து பச்சை, கை பச்சை... அந்தாளோட பல்லப் பாரு, கீரை தின்ன மாடு மாதிரி!"

ஆல்பின் உற்றுப் பார்த்தான். எல்லா முகமும் முகமாகத்தான் தெரிந்தது. தூரிகை பெரிதாக இருந்ததால் வெள்ளை, சட்டையைத் தாண்டி வழிந்திருக்க வேண்டும். அது அவனுக்குப் புரிந்தது. ஆனால் எங்கே வழிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

இன்னொரு பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். என்ன சொல்வது? பச்சை முகத்துக்கு ஃபைல் பேரைக் காரணம் காட்ட முடியாது.

"எனக்குத் தெரியல" என்றான் மெதுவாக. "எனக்குச் சிவப்பு, பச்சை, மண்ணு கலர் எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். சின்ன வயசுலேருந்தே. சனிக்கிழமை ஃபைல் பேரு ஒண்ணும் மாறல."

தேவ்னா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஏன்டா சொல்லல?" என்றாள் தேவ்னா.

"சொன்னா வேலையப் புடுங்கிடுவீங்க."

மிதுலாஜ் தன் பேனாவை எடுத்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினான். "இது என்ன கலர்?"

"தெரியாது."

"இந்த டப்பா?"

"நீலம்."

"அட, நீலம் தெரியுதே! அப்போ என் பேக்?"

"மிதுலாஜ், அவன் என்ன கண்காட்சியா?" என்று தேவ்னா அதட்டினாள். மிதுலாஜ் பையைக் கீழே வைத்தான். இருந்தாலும் அவனுக்கு வேறொரு கவலை. "கோவிச்சுக்காத ஆல்பின். ஆனா இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. தப்பு எங்கன்னே உனக்குத் தெரியலன்னா எப்படிச் சரிபண்ணுவ? பேசாம நான் செஞ்சுடட்டுமா?"

அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது. நீலம் தெரியுதே என்று மிதுலாஜ் சொன்னது மட்டும் ஆல்பினின் காதில் நின்றது.

"தேவ்னா, அந்தப் பச்சைய எடுத்துட்டு நீலம் போடு."

"இது துருத்திக்கரை வள்ளம்டா."

"இப்போதைக்குத்தான். சரிபாக்க மட்டும். நல்ல பளிச்சுனு நீலம்."

தேவ்னா இரண்டே தட்டில் நிறத்தை மாற்றினாள். ஆல்பின் "ஐயோ!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டான். இப்போது அவனுக்கே தெரிந்தது. நீல மோவாய், நீலக் கழுத்து, நீலப் பல்! சிறிய தூரிகையை எடுத்தான். வழிந்த இடங்களையெல்லாம் கறுப்பால் மூடிக்கொண்டே வந்தான்.

"இங்க பாரு, பதினோராம் ஆளோட காதுக்குப் பின்னால இருக்கு. துடுப்பப் புடிச்ச விரல் நடுவுல ஒரு கோடு. குடைக்காம்புல ஒரு பொட்டு."

"அது எதுவும் நான் பாக்கவே இல்லையே" என்றான் மிதுலாஜ். கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

பூட்டுச் சாவியோடு ரெஜிமோள் டீச்சர் வந்தபோது, மறுபடியும் பச்சைச் சட்டை போட்ட இருபது ஆட்கள் நல்ல மாநிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தேவ்னா விசையைத் தட்டினாள். சட்டை சிவப்பானது. இன்னொரு தட்டு, மஞ்சள். இன்னொன்று, காவி. பன்னிரண்டு வள்ளமும் வரிசையாக வந்தன.

"இது எப்படிப் பண்ணீங்க?" என்று டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆல்பின் எல்லாவற்றையும் சொன்னான், சாம்பக்காய் உட்பட. டீச்சர் சாவியை மேசையில் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"இது கவனக்குறைவு இல்லடா மோனே. கண்ணு அப்படி. நிறைய பேருக்கு இருக்கு. ஸ்கூலுக்குக் கண் டாக்டர் வரும்போது பாத்துக்கலாம், அம்மாகிட்டயும் நான் பேசறேன். ஆமா, வேலையப் புடுங்கிடுவோம்னு பயந்தியாமே? புடுங்கி யாருக்குக் குடுக்கறது? மிதுலாஜுக்கா? போன வருஷம் அவன் வரைஞ்ச பசுமாட்ட நான் மேசைன்னு நெனச்சேன்."

"டீச்சர்! அது உக்காந்திருக்கற மாடு!" என்று மிதுலாஜ் கத்தினான்.

எல்லோரும் சிரித்த சிரிப்பில் ஐந்தே கால் படகைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று.

புதன்கிழமை சோதனை ஓட்டம். மூவரும் விளையாடிப் பார்த்தார்கள். ஆல்பினுக்குக் கிழக்கேபாடம் வள்ளம். மூன்று தடவையும் அவன்தான் கடைசி. பாதி தூரம் போனதும் துருத்திக்கரை வள்ளத்தைத் தன்னுடையது என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிடுவான். அவனுடைய வள்ளம் கரையில் முட்டிக்கொண்டு நிற்கும்.

"நீயே வரைஞ்ச விளையாட்டு, உன்னாலயே விளையாட முடியலையா?" என்றான் மிதுலாஜ்.

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் ஆல்பின் அதை அப்படியே எடுத்துக்கொண்டு யோசித்தான். நிறைய பேருக்கு இருக்கிறது என்று டீச்சர் சொன்னாரே. வெள்ளிக்கிழமை ஹாலில் அப்படி ஒருவர் இருந்தால் அவரும் கரையில்தானே முட்டுவார்?

அவன் கறுப்பு வெள்ளைப் படத்தை மறுபடி திறந்தான். சட்டையின் வெள்ளையில் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டை போட்டான்; விளையாட்டில் அந்த இடம் நிறம் ஏறாமல் வெள்ளைப் பட்டையாக நிற்கும். இன்னொரு பிரதியில் கட்டம் கட்டமாகப் போட்டான். மூன்றாவதில் தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக ஒரே ஒரு பட்டை. நான்காவதை அப்படியே விட்டான்.

"ஒண்ணு போதும்னு சொல்லிட்டு நாலாக்கிட்டியே" என்று தேவ்னா முணுமுணுத்தாள்.

"பன்னண்டுக்கு நாலு பரவால்லதானே? கலர் மயங்கற மாதிரி ரெண்டு இருந்தா, ஒண்ணுக்குப் பட்டை, ஒண்ணுக்குக் கட்டம் குடுத்துடு. எது எதுக்கு எது மயங்கும்னு நான் சொல்றேன். அது எனக்குத்தான் தெரியும்."

தேவ்னா பட்டியலை அவன் கையில் கொடுத்துவிட்டாள். அடுத்த ஓட்டத்தில் ஆல்பின் மிதுலாஜை நான்கு வள்ளத் தூரம் பின்னால் தள்ளி ஜெயித்தான். மிதுலாஜ் விசைப்பலகைமேல் பழியைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. பன்னிரண்டு கிளப் ஆட்களும் வந்திருந்தார்கள். முதல் ஓட்டம் ஆரம்பித்ததுமே "ஆர்ப்போ!" என்று ஒரு பக்கம் கூவ, "இர்ரோ!" என்று மறுபக்கம் பதில் கூவ, கூரை ஓடு அதிர்ந்தது. சஜீவன் தன் வள்ளத்தைப் பார்த்ததும் மார்பைத் தட்டிக்கொண்டார். "இதுதான்டா எங்க பச்சை! வயலப் பாத்த மாதிரி இருக்கு!"

ஆல்பின் மேடைக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு வள்ளம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். கிழக்கேபாடத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் தங்கச்சன். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, சிவப்புச் சட்டை.

"எது வேணும் சேட்டா?"

"அதான், அந்தக் குறுக்குப் பட்டை போட்டது."

"கிழக்கேபாடம்தானே? சிவப்பு?"

"ஆமாமா. பட்டை போட்டதுன்னா அதுதானே?" என்றார் தங்கச்சன். கண் திரையில் அங்கும் இங்கும் ஓடியது.

ஆல்பினுக்குச் சுருக்கென்றது. கிட்டே போய், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான். "சேட்டா, அந்த ஜன்னல்ல கட்டியிருக்கற தோரணம் என்ன கலர்?"

தங்கச்சன் அவனை முறைத்தார். பிறகு குனிந்து அவன் காதருகே சொன்னார்.

"தெரிஞ்சுட்டா எல்லாரும் இதையேதான்டா கேக்கறானுங்க. அதனாலதான் நான் யார்கிட்டயும் சொல்றதே இல்ல."

"நானும்தான் சேட்டா. போன செவ்வாக்கெழமை வரைக்கும்" என்றான் ஆல்பின்.

தங்கச்சன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குமா? அப்போ அந்தப் பட்டை..."

"நான்தான் போட்டேன்."

அந்தப் பெரிய கை அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியது. ஆல்பின் இரண்டடி முன்னால் போய் நின்றான். தங்கச்சன் போய் உட்கார்ந்து, சஜீவனின் வள்ளத்தை ஒரு மூக்கு நீளத்தில் தோற்கடித்தார். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று சஜீவன் அவரை எழுந்திருக்கவே விடவில்லை. ரெஜிமோள் டீச்சர்தான் வந்து இருவரையும் பெஞ்சிலிருந்து கிளப்பினார். வரிசையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். முதலில் நின்றவள் ஜியா. ரோஸ் வள்ளம் இல்லையா என்று கேட்டாள்.

கடைசி ஓட்டம் முடிந்ததும் பெரிய திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. அது தேவ்னா யாரிடமும் சொல்லாமல் முந்தின நாள் சேர்த்த பகுதி.

'வடிவம்: மிதுலாஜ்' என்று வந்தது. மிதுலாஜ் நாற்காலிமேல் ஏறிக் கும்பிட்டான். 'நிரல்: தேவ்னா' என்று வந்தது. சஜீவன் விசிலடித்தார்.

அடுத்த வரி வந்தபோது ஆல்பின் அதை இரண்டு தடவை படித்தான். கன்னங்கரிய திரையில் வெள்ளை வெளேர் என்ற எழுத்தில், அவனுக்கு எந்தச் சிரமமும் இல்லாமல், அது இப்படி இருந்தது:

'வண்ணங்கள்: ஆல்பின்.'